புளோரிடா டோரேயா: விதையா, குச்சியா, ஆய்வகமா?

முருங்கைப் போத்தை ஊன்றினால் துளிர்க்கும், திசு வாழைக் கன்று நர்சரியில் கிடைக்கும் என்று பழகிய நமக்கு, ஒரு மரத்தைப் பெருக்குவதில் இத்தனை தொல்லையா என்றுதான் தோன்றும். அமெரிக்காவில் அப்பலாச்சிகோலா ஆற்றை ஒட்டிய சரிவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் புளோரிடா டோரேயா. இலையைக் கசக்கினால் நாறும். 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நோய் தாக்கிப் பெரிய மரங்கள் பட்டுப்போயின. இன்று காட்டில் மிஞ்சியவை பெரும்பாலும் பழைய அடிக்கட்டைகளில் துளிர்த்த சிறு தண்டுகள். அவை காய்க்கும் வயதை எட்டுவதற்குள் ஃபுசேரியம் பூஞ்சை மறுபடி தாக்கிவிடுகிறது.

அப்படியானால் விதைக்கு எங்கே போவது? அப்படியே கிடைத்தாலும் நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். போதாக்குறைக்கு அணில்கள் வேறு. ஆனாலும் விதைக்கு ஒரு பெருமை உண்டு. ஒவ்வொரு விதையும் புது மரபுச் சேர்க்கை. நோயைத் தாங்கும் கன்று என்று ஒன்று பிறந்தால் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

காய்க்காத மரத்தையும் காப்பாற்றும் வழி குச்சி வெட்டி வேர்விட வைப்பது. செலவும் குறைவு. கோளாறு என்னவென்றால், பக்கக் கிளையில் வெட்டிய குச்சி, வேர்விட்ட பிறகும் தன்னைக் கிளையாகவே நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் படர்கிறது.

ஆய்வகத்தில் செய்வது வாழைக்குச் செய்வது போன்றது அல்ல. வாழையில் குருத்து நுனியை எடுத்தால் போதும். இங்கே முதிராத விதையின் கருவை ஊட்டக் கூழில் வைத்து, ஒரு கருவிலிருந்து பல கருக்களைப் பெருக்குகிறார்கள். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகமும் அட்லாண்டா தாவரவியல் பூங்காவும் சேர்ந்து இதைச் செய்துகாட்டி 2012இல் வெளியிட்டன. இதில் பெரிய லாபம் கன்றுகளின் எண்ணிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திசுவைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கலாம். காயவைத்துச் சேமிக்க முடியாத விதைக்கு வேறு என்ன வங்கி இருக்கிறது?

ஆனால் ஆய்வகத்துக்கும் முதலீடு விதைதான். அதோடு, வெளிவருவது அந்த விதையின் நகல். தாய் மரத்தின் நகல் அல்ல. சரி, அந்த விதை எங்கிருந்து வருகிறது? காட்டு மரங்களில் வெட்டிய குச்சிகளை 1990 வாக்கில் அட்லாண்டா பூங்கா வாங்கி வளர்த்தது. காட்டுக்கு வெளியே பராமரிப்பில் வளர்ந்த அந்த மரங்கள் பிறகு காய்த்தன.

ஆகவே, காட்டில் காய்க்காமல் நிற்கும் தண்டு ஒன்றைப் பார்த்தால் என் கை முதலில் கத்தரிக்கோலுக்குத்தான் போகும். முடிந்தால் பக்கக் கிளையை விட்டு, நிமிர்ந்த நுனியை வெட்டுவேன். கைநிறைய விதை கிடைத்தால் முதிர்ந்ததை மண்ணுக்கும் முதிராததை ஆய்வகத்துக்கும் தருவேன். மூன்று வழிகளில் எதில் வளர்த்த கன்றானாலும், பழைய சரிவில் கொண்டுபோய் நட்டால் அதே பூஞ்சை அங்கே காத்திருக்கிறது.