முன்கூட்டியே தையலா, அளந்து பார்த்துக் காத்திருப்பதா: இருகொம்புக் கருப்பையோடு நான் எடுத்த முடிவு

எனக்கு இருகொம்புக் கருப்பை இருப்பது, முதல் கரு 9ஆவது வாரத்தில் கலைந்த பிறகு எடுத்த முப்பரிமாண ஸ்கேனில்தான் தெரிய வந்தது. தாயின் வயிற்றில் பெண் சிசு உருவாகும்போது கருப்பை இரண்டு தனிக் குழாய்களாகத்தான் தொடங்குகிறது. அவை நெருங்கி வந்து ஒட்டி ஒரே அறையாக வேண்டும். மேற்பகுதி முழுதாக ஒட்டாமல் நின்றுவிட்டால் கருப்பையின் உச்சி பிளந்து, இரண்டு கொம்புகளைப் போல விரிந்து நிற்கும். இதை மருத்துவர்கள் பைகார்னுவேட் என்கிறார்கள். பார்வைக்கு இதைப் போலவே தோன்றும் இன்னொரு வகை உண்டு. அதில் கருப்பையின் வெளிப்புறம் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் ஒரு தடுப்புச் சுவர் இறங்கியிருக்கும். சிகிச்சை முறை இரண்டுக்கும் வேறு என்பதால், எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளாமல் எந்த முடிவுக்கும் போகக் கூடாது. சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே உள்ளறையின் வடிவத்தை மட்டுமே காட்டுவதால் அது இந்த வேறுபாட்டைச் சொல்லாது. முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும்.

இரண்டாம் முறை கருவுற்று 11 வாரங்கள் ஆனபோது இரண்டு மகப்பேறு மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டேன். இரண்டு விதமான பதில்கள் கிடைத்தன. ஒருவர், கருப்பை வாய் முன்கூட்டியே திறந்து குறைப்பிரசவம் ஆகாமல் இருக்க 13ஆவது வாரத்திலேயே அதில் தையல் போட்டுவிடலாம் என்றார். மற்றவர், 16ஆவது வாரத்திலிருந்து 24ஆவது வாரம் வரை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கருப்பை வாயின் நீளத்தை அளப்போம், அது 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அப்போது மருந்தோ தையலோ முடிவு செய்வோம் என்றார். நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தையலைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. பம்பாயில் பணியாற்றிய மருத்துவர் ஷிரோத்கர் 1955இல் ஒரு முறையை வெளியிட்டார். 1957இல் மெல்போர்னைச் சேர்ந்த மெக்டொனால்டு அதைவிட எளிய ஒன்றை வெளியிட்டார். இன்று பரவலாகப் போடப்படுவது பின்னதுதான். முதுகுத் தண்டில் மயக்க ஊசி போட்டு, கருப்பை வாயைச் சுற்றிச் சுருக்குப் பையின் நாடாவைப் போல ஓர் இழையை ஓட்டி இறுக்குகிறார்கள். 36 அல்லது 37ஆவது வாரத்தில் அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். இடையில் வலி தொடங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ உடனே எடுக்க நேரலாம். தையலோடு பிரசவ வலி முற்றினால் கருப்பை வாய் கிழியக் கூடும்.

தையலின் பெரிய கவர்ச்சி மன நிம்மதிதான் என்பது என் எண்ணம். ஒரு முறை போட்டாயிற்று, இனி கதவு மூடியிருக்கிறது என்ற ஆறுதலை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு கருவை ஏற்கெனவே இழந்தவளுக்கு அது பெரிய விஷயம். முதலில் என் மனமும் தையல் பக்கமே சாய்ந்தது. ஆனால் வாசலைத் தைப்பதால் அறை பெரிதாகிவிடாது. இருகொம்புக் கருப்பையில் குறைப்பிரசவம் ஏற்படுவதற்குக் கருப்பை வாயின் வலுவின்மை ஒரு காரணம் மட்டுமே. குழந்தை வளரக் கிடைக்கும் இடத்தின் குறுக்கமும், தசைச் சுவரின் அமைப்பும், தலை கீழே திரும்ப வழியில்லாமல் போவதும் தையலால் மாறாதவை. கருப்பை வாய் உண்மையிலேயே வலுவற்றிருந்தால்தான் தையலுக்கு வேலை இருக்கிறது. அது வலுவற்றதா என்பதைக் கருப்பையின் உச்சி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் சொல்ல முடியும்.

1993இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு இந்த இடத்தில் எனக்கு உதவியது. தையல் தேவையா இல்லையா என்று மருத்துவரே முடிவெடுக்கத் தயங்கிய 1,292 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தையல் போட்டு, மறு பாதிக்குப் போடாமல் பார்த்தார்கள். 33 வாரங்களுக்கு முன் பிரசவமானவர்கள் தையல் போட்ட பிரிவில் நூற்றுக்கு 13 பேர், போடாத பிரிவில் 17 பேர். அதாவது ஏறத்தாழ 25 பேருக்குத் தையல் போட்டால் ஒருவருக்கு அந்தக் குறைப்பிரசவம் தவிர்க்கப்படுகிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நடுமாதங்களில் கருவை இழந்தவர்களுக்கோ குறைப்பிரசவம் ஆனவர்களுக்கோதான் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. பிரசவத்திற்குப் பிந்தைய காய்ச்சல் தையல் போட்டவர்களிடம் இரு மடங்காக இருந்தது. எனக்கு நடந்தது ஆரம்ப மாதக் கருச்சிதைவு. வலியில்லாமல் கருப்பை வாய் திறந்து ஐந்தாம் மாதத்தில் கரு வெளியேறிய வரலாறு இல்லை. அந்த வரலாறு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் சாய்வே மாறியிருக்கும். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கருப்பையின் வடிவ மாறுபாடு என்ற ஒரே காரணத்திற்காகத் தையல் போடுவதன் பலன் உறுதியாகவில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும் என்ற நிலையில்தான் நிற்கிறது.

அளவெடுத்தலுக்கு ஆதரவான சான்று சிறியதுதான், ஆனால் எங்களைப் போன்றவர்களையே நேரடியாகப் பார்த்தது. கருப்பை அமைப்பில் மாறுபாடு உள்ள 64 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், கருப்பை வாய் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்குக் குறைப்பிரசவ ஆபத்து ஏறத்தாழ 13 மடங்காக இருந்தது. குறையாமல் இருந்தவர்களில் பெரும்பாலோர் கவலையின்றிக் கடந்துவிட்டார்கள் என்பது அதே எண்ணின் மறுபக்கம். அப்படிக் கடந்தவர்கள் எல்லோருக்கும் 13ஆவது வாரத்திலேயே தையல் போட்டிருந்தால் எதற்காகப் போட்டோம் என்ற கேள்விதான் மிஞ்சும்.

இவ்வளவும் காகிதத்தில் எழுதிய கணக்கு. என் அனுபவத்தில் முடிவை உண்மையில் தீர்மானிப்பது பராமரிப்புதான். தையல் ஒரு நாள் வேலை. அளவெடுத்தல் எட்டு வாரத் தொடர் வேலை, அதைச் சரியாகச் செய்யாவிட்டால் செய்யாமலே இருப்பதைவிட ஆபத்தானது, ஏனென்றால் தவறான எண் பொய்யான நிம்மதியைத் தருகிறது. 18ஆவது வாரத்தில் வழக்கமான ஸ்கேன் நிலையம் மூடியிருந்ததால் வேறோர் இடத்திற்குப் போனேன். அங்கே தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பச் சொல்லி, வயிற்றின் மேல் கருவியை வைத்து 41 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் 36 ஆக இருந்தது வளர்ந்துவிட்டதே என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் என் மருத்துவர் அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, யோனி வழியாக அளந்தார்: 34. நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பை வாயை அழுத்தி நீட்டிக் காட்டுகிறது என்றார். கருவியை அழுத்திப் பிடித்தாலும், கருப்பையின் கீழ்ப்பகுதி அந்த நேரத்தில் சுருங்கியிருந்தாலும் இதே பிழை நேரும். அதனால்தான் சில நிமிடங்கள் பொறுத்திருந்து மூன்று முறை அளந்து, அவற்றில் மிகக் குறைந்த நல்ல அளவை எழுத வேண்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் நான் தாளில் மூன்றைப் பார்த்தேன்: எந்த வழியாக அளந்தார்கள், சிறுநீர்ப்பை காலியா, கருப்பை வாயின் உள்முனை புனல் போல விரிந்திருக்கிறதா. இயன்றவரை ஒரே ஆளே அளக்கும்படி நேரத்தை அமைத்துக்கொண்டேன். இரண்டு கைகளுக்கு இடையே வரும் சில மில்லிமீட்டர் வேறுபாடு, இரண்டு வாரத்தில் ஏற்படும் உண்மையான மாற்றத்தை மறைத்துவிடக் கூடும். இவற்றைவிட முக்கியமாக, எந்த எண்ணுக்கு என்ன செய்வோம் என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொண்டேன். 30க்கு மேல் இருந்தால் இரண்டு வாரம் கழித்து. 25க்கும் 30க்கும் இடையில் வந்தால் அடுத்த வாரமே. 25க்குக் கீழே போனால் இரவுதோறும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்ட்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) மாத்திரையை யோனியில் வைப்பது. அதன் பிறகும் வேகமாகக் குறைந்தால் தையல். இந்தத் தாள் இல்லாத கண்காணிப்பு வெறும் கவலைப் பட்டியல்தான். எண் இறங்கும்போது யாரும் பதற்றத்தில் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை.

எண் இறங்கத்தான் செய்தது. 20ஆவது வாரத்தில் 31, 22இல் 27, 23இல் 24. அன்றிரவே மாத்திரை தொடங்கியது. கருப்பை வாய் 15 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களிடம் செய்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், இதே மருந்து 34 வாரத்திற்கு முன்பான பிரசவத்தை நூற்றுக்கு 34 பேரிலிருந்து 19 ஆகக் குறைத்திருந்தது. ஆனால் அந்த ஆய்வு இருகொம்புக் கருப்பையை மனத்தில் வைத்து நடத்தப்பட்டதல்ல, என் அளவும் 15க்கு மேல் இருந்தது. எனவே எனக்கு நன்மை செய்தது மாத்திரையா, இயல்பா என்று இந்த ஒரு கர்ப்பத்தை மட்டும் வைத்து உரிமை கோர மாட்டேன். 24ஆவது வாரத்தில் 25 என்று வந்து அங்கேயே நின்றது. தையல் தேவைப்படவில்லை.

முழுநேரப் படுக்கை ஓய்வையும் அந்த நாட்களில் பலர் பரிந்துரைத்தார்கள், மாமியார் உட்பட. கருப்பை வாய் குறுகியவர்களிடமும் அது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாகக் காட்டப்படவில்லை, நாட்கணக்கில் படுத்தே கிடந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும் என்று மருத்துவர் அவரையே உட்காரவைத்து விளக்கியபின் வீட்டில் அமைதி வந்தது. கனமானவற்றைத் தூக்குவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

கண்காணிப்பில் எதிர்பாராத இன்னொரு பயன் இருந்தது. எண் குறையத் தொடங்கியவுடனே, குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு என் பதிவு மாற்றப்பட்டது. 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவம் நெருங்குவதாகத் தோன்றினால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள் போட்டுக் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யலாம் என்பதும், அந்த ஊசி பலன் தர அவகாசம் வேண்டும் என்பதும் எனக்கு அப்போதே தெரிந்திருந்தன. தையலை நம்பி நிம்மதியாக இருந்திருந்தால் இந்த ஆயத்தங்களைத் தள்ளிப்போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். மற்றவர்களும் அப்படித் தள்ளிப்போடுவார்கள் என்று சொல்ல மாட்டேன்; நல்ல மருத்துவர் தையல் போட்ட பின்னும் அளந்துகொண்டுதான் இருப்பார்.

தையல் பக்கம் நியாயம் கூடும் சூழல்களும் இருக்கின்றன. நடுமாத இழப்பு வரலாறு உள்ளவர்கள் அதில் முதலிடம். அடுத்தது, யோனி வழி ஸ்கேனை முறையாகச் செய்பவர் எட்டும் தொலைவில் இல்லாதவர்களும், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை போய்வர வேலையோ வீட்டுச் சூழலோ இடம் தராதவர்களும். அளவெடுத்தலை அரைகுறையாகச் செய்வதைவிட, ஒரு நாளில் முடியும் காரியத்தைச் செய்துவிடுவது அவர்களுக்குப் பொருந்தலாம். இதை அவர்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒற்றைக் கொம்புக் கருப்பைக்கும், இரண்டு கருப்பை வாய்களோடு கூடிய இரட்டைக் கருப்பைக்கும் என் அனுபவத்தை நீட்ட எனக்குத் துணிவில்லை. ஒற்றைக் கொம்பில் மறுபக்கம் வளராமல் நின்றுபோன சிறு கொம்பில் கரு தங்கினால் அது வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே முதல் கேள்வி தையலைப் பற்றியதே அல்ல, கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான். அத்தகையவர்களில் கணிசமானோருக்குச் சிறுநீரகத்திலும் மாறுபாடு இருப்பதால் அதையும் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுவார்கள். எனக்கும் செய்தார்கள், இரண்டு சிறுநீரகங்களும் இருந்தன.

குழந்தை வலது கொம்பில் தலையை மேலே வைத்தபடி கடைசிவரை திரும்பவே இல்லை. 36 வாரமும் 4 நாளும் ஆனபோது பனிக்குடம் உடைந்தது, அன்றே சிசேரியன் செய்தார்கள். எடை 2.4 கிலோ, இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்துவிட்டுக் கையில் கொடுத்தார்கள். தையல் இருந்திருந்தாலும் அந்த வாரத்தில் எடுத்திருப்பார்கள். 37 வாரம் நிறையாததால் இது கணக்குப்படி குறைப்பிரசவம்தான், ஆனால் 34க்கு முன்பல்ல. எனவே அடுத்த முறையும் இந்த வரலாறு மட்டும் முன்கூட்டித் தையல் போடக் காரணமாகாது என்று மருத்துவர் குறிப்பில் எழுதியிருக்கிறார். சிசேரியன் தழும்பு இருப்பதால் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதை அந்தத் தாளில் புதிதாகச் சேர்த்திருக்கிறார். அளவெடுக்கும் வாரங்களும் எண்களும் அப்படியே இருக்கின்றன.