மூலப்பத்திரமும் உயிலும்: பீரோவா, லாக்கரா, வக்கீலா, பதிவாளரா?

சொத்துப் பத்திரங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு அபாயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அசல் தாள் தொலைவது, அல்லது தவறான கைக்குப் போவது ஒன்று. அதிலுள்ள செய்தி வேண்டாதவருக்குத் தெரிந்துவிடுவது மற்றொன்று. வேலூரில் ஒரு குடும்பத்துக்குக் கைக்கெட்டும் நான்கு இடங்களையும் இந்த இரண்டையும் தனித்தனியே வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பதிவான கிரயப் பத்திரத்தில் மறைக்கப் பெரிதாக எதுவும் இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி அதன் நகலை யார் மனுச் செய்தாலும் பெறலாம். வில்லங்க விவரத்தையோ பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் மூலப்பத்திரத்தின் அசலை ஒப்படைத்துக் கடன் வாங்குவதைச் சொத்து மாற்றுச் சட்டம் ஓர் அடமான வகையாகவே ஏற்றிருப்பதால், அசல் பிறர் கைக்குப் போவதுதான் உண்மையான ஆபத்து. தொலைந்துவிட்டால் காவல் நிலையப் புகார், நாளிதழ் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் என்று அலைச்சல் தொடங்கும். உயில் இதற்கு நேர்மாறானது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அதன் வாசகம் கசிவதே பெரிய கேடு.

வீட்டுப் பீரோவின் வசதியை மறுக்க முடியாது. நள்ளிரவில் தேவைப்பட்டாலும் எடுத்துக்கொள்ளலாம், வாடகையும் இல்லை. ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாகப்பிரிவினைத் தகராறு மூளும் வீட்டில் பத்திரம் காணாமல் போவது பெரும்பாலும் வெளித் திருடனால் அல்ல. கம்மவான்பேட்டை போல ராணுவத்தில் பணிபுரிவோர் நிறைந்த ஊர்களில், வீட்டுக்காரர் எங்கோ எல்லையில் இருக்கும்போது பவர் பத்திரமும் மூலப்பத்திரமும் ஒரே பையில் உறவினர் வீட்டில் கிடப்பது எனக்குக் கவலை தருகிறது. விற்கும் அதிகாரமும் விற்கத் தேவையான அசலும் ஒரே கையில் சேரக் கூடாது. கரையானும் சுவர் ஈரமும் வேறு இருக்கின்றன. பாதுகாப்பு என்று நினைத்துப் பத்திரத்தை லேமினேஷன் செய்வோரிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். அந்தச் சூட்டையும் பசையையும் தாளிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. கையெழுத்தையோ ரேகையையோ நிபுணர் ஆராய வேண்டி வந்தால் அந்த உறையே தடையாகும்.

அசல் கிரயப் பத்திரத்துக்கு என் தேர்வு வங்கி லாக்கர்தான். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். லாக்கரைத் திறந்தால் அன்றே குறுஞ்செய்தி வர வேண்டும். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு இந்தப் பொறுப்பு பொருந்தாது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததைப் பார்த்தவர்கள், தாழ்வான இடத்திலோ தரைக்குக் கீழேயோ உள்ள லாக்கர் அறையைத் தவிர்ப்பது நல்லது. மூன்று ஆண்டு வாடகை நிலுவையானால் உரிய அறிவிப்புக்குப் பின் வங்கி லாக்கரை உடைத்துத் திறக்கலாம் என்பதையும் வெளிநாட்டில் இருப்போர் மறக்கக் கூடாது.

உயிலுக்கு லாக்கர் அவ்வளவு பொருத்தமில்லை. தனிப் பெயரில் உள்ள லாக்கரில் வைத்துவிட்டு உயில் எழுதியவர் காலமானால், நியமனதாரர் (நாமினி) வந்து திறக்கும்வரை உயில் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகலாம். இதற்கென்றே பதிவுச் சட்டத்தின் 42 முதல் 46 வரையிலான பிரிவுகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. நம் ஊரில் அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது வருத்தமே. முத்திரையிட்ட உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அவர் உறையின் மேலெழுத்தை ஐந்தாம் புத்தகம் என்னும் பதிவேட்டில் பதிந்து, தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். அவர் இறந்த பிறகு மனுச் செய்பவர் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டு, வாசகம் மூன்றாம் புத்தகம் என்னும் பதிவேட்டில் படியெடுக்கப்படும். அசல் மீண்டும் பதிவாளரிடமே இருக்கும். உள்ளே யாரும் பார்ப்பதில்லை என்பதால், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்பதை உறையை ஒட்டும் முன்பே உறுதிசெய்ய வேண்டும். ஒப்படைத்த செய்தியையும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

வக்கீல் அலுவலகம் வழக்குக் கட்டுக்கு மட்டுமே ஏற்ற இடம். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற சட்டக் கடமை வக்கீலுக்கு உண்டு. பத்திர எழுத்தருக்கும் தரகருக்கும் அது கிடையாது. கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் அசலைக் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நீதிமன்றம் அசலைக் கேட்காதவரை சான்றிட்ட நகலே போதும்.

எங்கே வைத்தாலும் செய்தி கசிவது பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையில்தான். “வாட்ஸ்அப்பில் அனுப்புங்க சார், பிரிண்ட் போட்டுத் தர்றேன்” என்கிறார் கடைக்காரர். அவர் கெட்டவர் அல்லர், ஆனால் ஆதாரும் உயில் வரைவும் அந்தக் கணினியின் டவுன்லோடு கோப்புறையில் தங்கிவிடுகின்றன. உயிலைப் பொறுத்தவரை வீட்டிலேயே அச்சிடுவது அல்லது கையால் எழுதுவது மேல். கடைக்குத்தான் போக வேண்டுமென்றால் தாளாகக் கொண்டுபோய், எதிரிலேயே நின்று நகலெடுத்து, கோணலாக விழுந்த பக்கங்களையும் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து பொடியாகக் கிழித்துப் போடுங்கள்.