களியக்காவிளைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கல்லூரி வாலிபால் கோச் வேலை பற்றி ஓர் அலசல்

போன மாதம் என்னிடம் ஆடிய பையன் ஒருவன் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு பக்கம் என்னைப் பார்த்து, டீக்கடையில் பிடித்து உட்கார வைத்தான். எம்.பி.எட். முடித்து, பட்டியாலாவில் ஒரு வருட என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுக் கழகம்) கோச் டிப்ளமோவும் முடித்து வந்திருக்கிறான். கையில் இரண்டு வேலை. ஒன்று, மார்த்தாண்டம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். இன்னொன்று, கேரளத்தில் ஒரு கல்லூரி விளையாட்டு விடுதியில் ஒப்பந்த அடிப்படையில் வாலிபால் கோச். "சார், எந்தப் பக்கம் போகட்டும்?" என்றான்.

நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். இரண்டு டீ குடித்தும் பேசி முடியவில்லை. அவனைப் போல இன்னும் பலர் இதே கேள்வியோடு நிற்பார்கள் என்பதால் மீதியை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கல்லூரிகளில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று ஒரு நாற்காலி கிடையாது. அமெரிக்காவில் அது முழு உத்தியோகம். ஆள் தேர்வு, உதவித்தொகை, துணைப் பயிற்சியாளர்கள் என்று அணியின் மொத்தப் பொறுப்பும் அவருடையது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 1979இல் பயிற்சியாளராக வந்த ரஸ் ரோஸ் 2021 வரை 43 சீசன் அங்கேயே இருந்தார். 1,330 வெற்றிகள், 7 தேசியப் பட்டங்கள். ஒரே கல்லூரி, ஒரே விளையாட்டு, ஒரு வாழ்நாள். நம் ஊரில் வாலிபால் கோச்சாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் ஏதாவது ஒரு வேறு பதவிக்குள் நுழைந்து, அதற்குள்தான் கோச்சாக இடம் பிடிக்க வேண்டும். எந்தப் பதவிக்குள் நுழைந்தால் அந்த இடம் அதிகம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டுப் பக்கம் அந்தப் பதவி பி.டி., அதாவது உடற்கல்வி இயக்குநர். அரசுக் கல்லூரியோ உதவிபெறும் கல்லூரியோ என்றால் யு.ஜி.சி. விதிப்படி எம்.பி.எட்.டில் 55 சதவீதம், கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது அதற்கு ஈடான தகுதி வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவின் யு.ஜி.சி. அட்டவணையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். உடல்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயது வரையுள்ள ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். ஆனால் ஒரு அணியை எப்படி வளர்ப்பாய் என்று பார்க்க இதைப் போல ஒரு சோதனை கிடையாது. இந்தப் பதவியின் குணம் இதிலேயே தெரிகிறது. கபடி, கால்பந்து, தடகளம், செஸ், ஆண்டு விழா, சுதந்திர தின அணிவகுப்பு எல்லாம் பி.டி. தலையில்தான். வாலிபால் அதில் ஒரு துண்டு.

சுயநிதிக் கல்லூரி என்றால் கதை வேறு. பதவியின் பெயர் அதேதான், சம்பளம் நிர்வாகம் பார்த்துக் கொடுப்பது. நான் 2003இல் அப்படி ஒரு கல்லூரியில் 4,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். காலையில் கேட்டில் நின்று அடையாள அட்டை பார்ப்பது என் வேலை. பரீட்சை நாளில் ஹால் டியூட்டி. மூன்றரைக்கு வகுப்பு விட்டால் நாலு பத்துக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும். என் அணியில் பதினான்கு பேர், அதில் பன்னிரண்டு பேர் அந்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸை விட்டால் அருமனைக்கும் களியலுக்கும் இருட்டிய பிறகு எப்படிப் போவான்? ஆக, ஒரு நாளில் எனக்குக் கிடைத்த நேரம் நாற்பது நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் வைத்தால் மூன்றேகால் மணி நேரம் சொச்சம். விடுமுறை, தேர்வு, மழை எல்லாம் கழித்து வருடத்தில் இருபத்தைந்து வாரம் கிடைத்தால் பெரிசு. மொத்தம் எண்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

பிற்பாடு கேரள விடுதியில் சேர்ந்தபோது காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். முப்பது மணி நேரம். நான் இங்கே ஒரு வருடம் முழுக்கக் கொடுத்த பயிற்சியை அங்கே மூன்றே வாரத்தில் கொடுத்துவிட முடிந்தது. என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சம்பளம், பதவி, மரியாதை எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் கல்லூரி திறக்கும்போது ஒரு மழை, அணி கொஞ்சம் தேறும் அக்டோபரில் இன்னொரு மழை. மண் கோர்ட்டில் தண்ணீர் நின்றால் இரண்டு நாள் போச்சு. வாலிபாலின் எடை 260 முதல் 280 கிராம்தான். ஈர மண்ணில் உருண்ட பந்து அந்த எடையில் நிற்காது. அதில் பாஸ் பழகியவனுடைய கை, போட்டியில் காய்ந்த பந்து வந்ததும் தடுமாறும். கேரளத்தில் மழை இதைவிட அதிகம். ஆனால் நான் இருந்த இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது உள்ளரங்கம் கிடைத்தது, பேட்மிண்டன்காரர்களோடு நேரம் பங்கு போட்டுக்கொண்டு.

இனி ஆள் எடுக்கும் விஷயம். இந்தப் பக்கச் சுயநிதிக் கல்லூரியில் அட்மிஷன் முடிந்த பிறகு, வந்து சேர்ந்த பிள்ளைகளில் உயரமாக இருப்பவனைக் கூப்பிட்டு "வாலிபால் ஆடுவியா மக்கா?" என்று கேட்பதுதான் செலக்‌ஷன். கேரளத்தில் மாநில விளையாட்டு கவுன்சில் கல்லூரிகளோடு சேர்த்து விடுதிகள் நடத்துகிறது. அதற்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். வருகிறவன் பள்ளியிலேயே நாலைந்து வருடம் ஆடியவன். நீ அவனுக்குக் கை வைக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை, தப்பாகப் பழகியதைத் திருத்தினால் போதும். அதுவும் லேசான வேலை இல்லை, ஆனால் அது கோச்சின் வேலை.

ஒரு செட்டரின், அதாவது அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனின், கதையைச் சொன்னால் இது விளங்கும். நம் ஊர்க் கிளப்புகளில் அணியில் யார் குட்டையோ அவனை லிஃப்டர் (செட்டரைத்தான் அப்படிச் சொல்வார்கள்) ஆக்கிவிடுவார்கள். என் சுயநிதிக் கல்லூரி அணியின் செட்டரும் அப்படி வந்தவன்தான். நல்ல மூளை. ஆனால் பந்து அவன் கையில் பட்டால் 'டப்' என்று சத்தம் வரும், உள்ளங்கையில் வாங்குகிறான் என்று அர்த்தம். விரல் நுனியில் வாங்கினால் சத்தமே வராது. நாற்பது நிமிடப் பயிற்சியில் அவனுக்கென்று தனியாக ஐந்து நிமிடம்கூட ஒதுக்க முடியவில்லை. மூன்றாம் வருடம் அந்தச் சத்தம் நின்றது, அந்த வருடமே படிப்பும் முடிந்து போய்விட்டான்.

விடுதியில் எனக்குக் கிடைத்தவன் கண்ணூர் மலைப்பக்கத்துப் பையன். அவனிடமும் அதே சத்தம் இருந்தது. தினம் காலையில் மற்றவர்கள் வருமுன் அரை மணி நேரம் சுவரில் இருநூறு பந்து. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று காதால் மட்டும் கேட்பேன். சத்தம் வந்தால் கை தட்டுவேன், அவன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவான். முதல் மாதம் முப்பதைத் தாண்டவில்லை. ஓணம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன்பு ஒரு நாள் இருநூறும் முடிந்தது, நான் ஒரு தடவைகூடக் கை தட்டவில்லை. அடுத்த வருடம் அவன் தலைக்குப் பின்பக்கம் செட் செய்தால், வலையருகே தடுக்க நிற்கும் எதிரணி பிளாக்கர்கள் தப்பான பக்கம் குதித்தார்கள். பையன்கள் இருவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை, என் கையில் இருந்த நேரம்தான் வித்தியாசம்.

இப்போது இன்னொரு வித்தியாசமும் சேர்ந்திருக்கிறது. கேரளத்தில் 2024 முதல் இளங்கலைப் படிப்பு நான்கு வருடம், விரும்பினால் மூன்றில் வெளியே வரலாம். தமிழ்நாட்டில் கலை, அறிவியல் படிப்பு மூன்று வருடம்தான். நல்ல செட்டர் ஒருவனை நான்காம் வருடமும் வைத்திருக்க முடிந்தால், கோச்சுக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை.

சரி, அந்தப் பக்கம் பால் ஆறாகவா ஓடுகிறது? இல்லை. ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு வருடமும் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு தடவை எனக்கு நான்கு மாதச் சம்பளம் சேர்ந்துதான் வந்தது. அந்த நான்கு மாதமும் மாமனாரிடம் கடன். விடுதிக்காரன் என்றால் இரவும் உன்னுடையது இல்லை. காய்ச்சல், சண்டை, வீட்டுக்கு ஏங்கும் பிள்ளை என்று பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். கோப்பை வராத வருடம் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். நிரந்தரப் பணிக்கு விண்ணப்பம் போட்டால் நம் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது, பொதுப்பிரிவில்தான் போட்டி. மொழி மட்டும் தடை இல்லை. விளவங்கோட்டில் பிறந்தவனுக்கு மலையாளம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆடி முடித்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதும் கோச்சின் கவலைதான். கேரளத்தில் போலீஸ், மின்வாரியம், கொச்சி பி.பி.சி.எல். (பெட்ரோலிய நிறுவனம்) ஆகியவற்றின் அணிகள் இருக்கின்றன. மின்வாரியத்தின் பெண்கள் அணியைக் காட்டித்தான் பல பெற்றோரைச் சம்மதிக்க வைக்கிறார்கள். விமானப்படை, ரயில்வே என்று வெளியிலும் வழி உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. இதில் இரண்டு பக்கமும் பெரிதாக ஏற்றத்தாழ்வு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பேராவூரில் பிறந்த வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜ் இத்தாலி வரை போய் ஆடினார் என்பதும், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தார் என்பதும், அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் உள்ளரங்கம் நிற்பதும் அங்கே ஒரு தாய்க்கு, தகப்பனுக்குத் தெரியும். 1987இல் அவர் இத்தாலியில் விபத்தில் இறந்தார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறார்கள். இங்கே நான் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்.ஆர்.எம். போல வாலிபாலுக்கு முக்கியத்துவம் தரும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் போய்ச் சேர்வது. அந்த அணிகளில் ஆடியவர்களுக்கு பிரைம் வாலிபால் லீக் வரை பாதை திறக்கிறது. 2024இல் கோழிக்கோட்டு அணியான காலிகட் ஹீரோஸ் பட்டம் வென்றபோது அதன் கேப்டன் நம் தமிழ்நாட்டு ஜெரோம் வினித். ஆனால் புதிதாக வருகிறவனை அங்கே தலைமைக்கு விடமாட்டார்கள். எட்டு வருடம், பத்து வருடம் கழித்து, கையில் ஏதாவது காட்ட இருந்தால் யோசிக்கலாம்.

இப்போது அவனுக்கு வருகிறேன். உதவிபெறும் கல்லூரியின் நிரந்தரப் பி.டி. வேலையாக இருந்திருந்தால் "கண்ணை மூடிக்கொண்டு சேர், மாலையில் எப்படியாவது நேரம் திருடு" என்று சொல்லியிருப்பேன். 57,700 அடிப்படைச் சம்பளத்தோடு இருபத்தைந்து, முப்பது வருடம் ஒரே மைதானத்தில் நிற்க முடிந்தால், அந்த ஊரையே வாலிபால் ஊராக மாற்ற முடியும். அப்படி மாற்றிய பி.டி. சார்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் கையில் இருப்பது சுயநிதிக் கல்லூரி. அதிலும் வேலை உத்தரவாதம் இல்லை, அணியும் கிடையாது. விடுதியிலும் உத்தரவாதம் இல்லை, ஆனால் அங்கே அணி இருக்கிறது. அவனுக்கு வயது இருபத்தாறு. ஐந்து வருடம் அங்கே போகட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை வரும் நெட் தேர்வை மட்டும் விடாமல் எழுதட்டும். என்.ஐ.எஸ். டிப்ளமோவை வைத்து மட்டும் கல்லூரிப் பி.டி. ஆக முடியாது, வெறும் எம்.பி.எட்.டை வைத்துக் கோச் வேலைக்குப் போவதும் கஷ்டம். இரண்டும் வைத்திருக்கிறவன் இரண்டு கதவையும் திறந்தே வைத்திருக்கலாம்.

சேரும் முன் ஒரே ஒரு விஷயத்தை விசாரிக்கச் சொன்னேன்: எத்தனை பந்து இருக்கிறது? சம்பளத்தைக் கேட்கிற அதே குரலில் இதையும் கேட்க வேண்டும். எனக்கு இங்கே பதினான்கு பேருக்கு நாலு பந்து இருந்தது. ஒருவன் ஆடினால் இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிடைக்கிற நாற்பது நிமிடத்தில் கிட்டத்தட்ட முப்பது நிமிடம் அப்படியே போகும்.

நேற்று போன் செய்தான். விடுதியில் பதினெட்டு பந்து, அதில் ஆறு தையல் விட்டது, வார்டனிடம் சொன்னால் மாற்றித் தருவார்களாம். திங்கட்கிழமை சேருகிறான். அவனுடைய அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பக்கத்துல காலேஜ் வேலைய விட்டுட்டு, வருஷா வருஷம் பேப்பருக்குக் காத்துக் கிடக்கச் சொல்லுறீங்களே சார்" என்று என்னிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் குழித்துறையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்துக் கல்லூரியின் நியமனக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அதில் 'நிரந்தரம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று அந்த அம்மாவோடு சேர்ந்து வரி வரியாகப் படித்துப் பார்க்கப் போகிறோம்.