கிராண்ட் எழுதப் பழக: பட்டறையா, ஆன்லைன் பாடமா, வாசிப்புக் குழுவா?

நீலகிரியில் மருத்துவ ஆய்வுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் ஆய்வு நிதி (கிராண்ட்) கேட்கும் முதல் ப்ரபோசலை, அதாவது ஆய்வுத் திட்ட விண்ணப்பத்தை, எழுத எங்கே பழகுவது என்று கேட்டால், நான் வாசிப்புக் குழுவையே சொல்வேன். அவரவர் வரைவைக் கொண்டுவந்து, சில மாதம் கூடி வாசித்துத் திருத்தும் குழு. மற்ற இரண்டும் அதற்கு ஒத்தாசை.

கோவையில் இரண்டு நாள் பட்டறை என்றால் லீவு, தங்கும் செலவு, மழைக்காலத்தில் மலைப்பாதை என்று எல்லாம் பார்க்க வேண்டும். விதிமுறை, பட்ஜெட், எத்திக்ஸ் கமிட்டி எல்லாம் ஸ்லைடில் வேகமாக ஓடிவிடும். ஆனாலும், மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவரிடம் டீ இடைவேளையில் நேரில் கேட்கலாம். அதற்காகவே ஒருமுறை போகலாம். ஊர் திரும்பியதும் அன்றாட வேலை இழுத்துக்கொள்ளும், வரைவு அப்படியே கிடக்கும்.

ஆன்லைன் பாடம் மலிவு, பல இலவசம். படிவத்தில் எந்தப் பகுதி எதற்கு என்று புரிந்துகொள்ளப் போதும். நீங்கள் எழுதியதைப் படித்து "இது விளங்கவில்லை" என்று சொல்லப் பெரும்பாலும் ஆளிருக்காது.

குழு முறைக்கு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். நிதியில் 2014-இல் தொடங்கிய, ஆய்வாளர்களுக்கான என்.ஆர்.எம்.என். வழிகாட்டி வலையமைப்பு, பயிற்றுநர் ஒருவரோடு சிறு குழுக்களாகச் சொந்த வரைவில் வேலை செய்ய வைத்தது. என்.ஐ.எச். விண்ணப்பத்தில் ஆய்வு நோக்கங்களுக்கு ஒரே பக்கம்தான். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) படிவம் வேறு; ஆனால் அந்த ஒரு பக்கப் பழக்கம் இங்கும் கைகொடுக்கும்.

கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடிக் குடியிருப்புகளில் அரிவாள்செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய் பற்றி ஒரு ப்ரபோசல் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு உலகக் கணக்கில் தொடங்கும். பணியர் மூன்றாவது பத்தியில்தான் தலைகாட்டுவார்கள். குழுவில் கேள்வி கிளம்பும். 2023-இல் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கமே பரிசோதனை செய்கிறது, நீங்கள் புதிதாக எதைக் கண்டறியப் போகிறீர்கள்? சாலுபிலிட்டி என்ற முதற்கட்ட ரத்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்தவர் நோயாளியா, கேரியரா (நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. போன்ற சோதனையில்தானே தெரியும். அந்த ரத்த மாதிரி நடுவட்டம் ஏறி ஊட்டிக்கு எதில் வரும்? ஜீப் வாடகையும் ஐஸ் பெட்டியும் பட்ஜெட்டில் எங்கே? கேரியர் என்று தெரிந்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சில் தொல்லை வராமல், முடிவை யார், எந்த மொழியில் சொல்வார்கள்? இவற்றுக்கு எழுதும் பதில்கள்தான் ஆய்வுமுறையாகவும் பட்ஜெட்டாகவும் எத்திக்ஸ் பகுதியாகவும் மாறும். ஸ்லைடு பார்த்து இது வராது.

குழுவுக்கும் ஒரு குறை உண்டு. எல்லோரும் நண்பர்களாக இருந்தால் பாராட்டிலேயே பொழுது போய்விடும். அதனால் வேறு துறைக்காரர் ஒருவர், கிராண்ட் வாங்கிய மூத்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது ஐந்தாறு பேர் சேர்வது பெரிய காரியமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும். முதல் சனிக்கிழமைக்கு முழு ப்ரபோசல் வேண்டாம், நோக்கங்கள் எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் ஆளுக்கொரு நகலாக எடுத்து வாருங்கள்.