நாலு டேட்டாபேஸ், நாலு மீட்டர்

சின்ன நிறுவனங்களுக்கு ஆப் செய்து கொடுக்கிற வேலை என்னுடையது. அதனால் "எந்த நோஎஸ்கியூஎல் (டேபிள்களை ஜாயின் செய்கிற பழைய முறை இல்லாத டேட்டாபேஸ்) எடுக்கலாம்" என்ற கேள்வி அடிக்கடி வரும். டைனமோடிபி, மாங்கோடிபி அட்லஸ், ஃபயர்ஸ்டோர், காஸ்மாஸ் டிபி நான்கிலும் வேலை பார்த்திருக்கிறேன். வேகத்தைப் பொறுத்தவரை ஒரு சாதாரண வியாபாரத்துக்கு நான்குமே போதும், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். மீட்டர் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி ஓடுகிறது, அதற்குத் தகுந்த மாதிரிதான் நீங்கள் டேட்டாவை அடுக்க வேண்டியிருக்கும்.

பல கடைகள் வைத்துத் தண்ணீர் கேன் டெலிவரி செய்கிற ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம்.

அமேசானின் டைனமோடிபி 2012 முதல் இருக்கிறது. படிப்பதை 4 கேபி அளவில் ரீட் யூனிட்டாகவும் எழுதுவதை 1 கேபி அளவில் ரைட் யூனிட்டாகவும் எண்ணும். கடை எண்ணை பார்ட்டிஷன் கீயாகவும் (டேட்டா எந்தப் பகுதியில் போகும் என்று முடிவு செய்வது), தேதியை சார்ட் கீயாகவும் (அதற்குள் வரிசைப்படுத்துவது) வைத்துவிட்டால் "இந்தக் கடையின் இன்றைய ஆர்டர்கள்" என்ற கேள்விக்கு சில மில்லிசெகண்டில் பதில் வரும், டேபிள் எவ்வளவு பெருத்தாலும் அந்த வேகம் குறையாது. இதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் முதலாளி வந்து "நேற்று எல்லாக் கடையிலும் ரத்தான ஆர்டர்களைக் காட்டு" என்று கேட்டால் அதற்குத் தனி இண்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை) வேண்டும், அந்த இண்டெக்ஸுக்குள் எழுதப்படுகிற ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் காசு. இண்டெக்ஸ் போடாமல் டேபிள் முழுவதையும் ஸ்கேன் செய்து ஃபில்டர் வைத்தாலும் வேலை நடக்கும். புதிதாக வருகிறவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் ஃபில்டர் வேலை செய்வது படித்து முடித்த பிறகு. ஒவ்வொன்றும் 1 கேபி என்று 10 லட்சம் ஆர்டர் இருந்தால், பதிலாக வருவது 20 வரிதான் என்றாலும் சுமார் 1,25,000 ரீட் யூனிட் எண்ணப்படும் (சாதாரண ரீடில் 4 கேபிக்கு அரை யூனிட்தான் கணக்கு). ஒரு தடவை என்றால் சில்லறைக் காசு. அதையே நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற திரையில் வைத்தால் ஒரு நாளைக்கு 18 கோடி யூனிட்.

அப்புறம் பார்ட்டிஷன் கீயாகத் தேதியை வைக்காதீர்கள். ஒரு பார்ட்டிஷன் ஒரு செகண்டுக்கு 1,000 ரைட் யூனிட், 3,000 ரீட் யூனிட்தான் தாங்கும். இன்றைய ஆர்டர் எல்லாம் ஒரே கீயில் குவிந்தால் மற்ற பார்ட்டிஷன்கள் சும்மா இருக்க இது மட்டும் திணறும்.

அட்லஸ் இதற்கு நேர் எதிர். அங்கே தனி கிளஸ்டர் (நமக்கென்றே ஒதுக்கிய மெஷின்கள்) எடுத்தால் மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, ராத்திரி யாரும் ஆர்டர் போடாவிட்டாலும் மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் கேள்விக்குத் தனிக் காசு கிடையாது. முதலாளி தினம் ஒரு ரிப்போர்ட் கேட்கிற ஆரம்ப காலத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அக்ரிகேஷன் பைப்லைனில் (டேட்டாவைப் படிப்படியாக வடிகட்டித் தொகுக்கிற முறை) நாலு வரி எழுதினால் பதில் வந்துவிடும். இண்டெக்ஸ் இல்லாவிட்டால் மெதுவாக வரும், பிறகு போட்டுக்கொள்ளலாம். அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்டின் அஸூர் என்று மூன்று கிளவுடிலும் ஓடுகிறது, நாளைக்கே சொந்த சர்வருக்கு மாற வேண்டுமென்றாலும் அதே மாங்கோடிபியை நிறுவி டேட்டாவைக் கொண்டுபோகலாம். ஒரு வியாபாரத்துக்கு இந்த வழி திறந்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்னும் உருவம் பிடிபடாத வியாபாரம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அட்லஸைத்தான்.

கூகுளின் ஃபயர்ஸ்டோர் எண்ணுவது டாக்குமெண்டுகளை (ஒரு ஆர்டர் ஒரு டாக்குமெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்). இலவசமாக ஒரு நாளைக்கு 50,000 ரீட் தருகிறார்கள், கேட்க நிறைய மாதிரி இருக்கும். 200 ஆர்டரைப் பட்டியல் போடுகிற திரையை எல்லோருமாகச் சேர்ந்து 250 தடவை திறந்தால் அது தீர்ந்துவிடும். மொத்த எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் எல்லா டாக்குமெண்டையும் இறக்கி எண்ணாதீர்கள், அதற்கென்றே கவுண்ட் குவெரி இருக்கிறது, 1,000 இண்டெக்ஸ் வரிகள் வரை ஒரு ரீட்தான். சரி, இதை ஏன் எடுக்க வேண்டும்? சிக்னல் இல்லாத தெருவில் டெலிவரி பையன் "கொடுத்தாச்சு" என்று அமுக்கினால் அது போனிலேயே பதிவாகி, சிக்னல் வந்ததும் தானாக மேலே போகும். அலுவலகத் திரையில் உடனே மாறும். இந்த வேலையை நாமே எழுதினால் எத்தனை நாள் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மொபைல் ஆப்தான் வியாபாரமே என்றால் இது கொடுக்கிற காசுக்குத் தகும்.

காஸ்மாஸ் டிபி மைக்ரோசாஃப்டுடையது, 2017-ல் வந்தது. இதில் படிப்பது, எழுதுவது எல்லாமே ஆர்யு (ரிக்வெஸ்ட் யூனிட்) என்ற ஒரே அலகு: 1 கேபி டாக்குமெண்டை ஐடி கொடுத்துப் படித்தால் 1 ஆர்யு. ஒவ்வொரு பதிலோடும் இதற்கு எத்தனை ஆர்யு ஆனது என்று திருப்பி அனுப்புவதால் எந்தக் குவெரி காசைத் தின்கிறது என்று சோதனையிலேயே தெரிந்துவிடும், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. டாக்குமெண்டில் உள்ள எல்லாப் பண்புகளையும் தானாகவே இண்டெக்ஸ் செய்துவிடுகிறது, அதனால் எழுதும்போது செலவு ஏறும். தேட மாட்டோம் என்று தெரிந்தவற்றை முதல் நாளே இண்டெக்ஸிங் பாலிசியில் விலக்கிவிடுங்கள். கம்பெனி ஏற்கெனவே அஸூரில் இருந்தால் எடுக்கலாம், இதற்காக மட்டும் அஸூருக்குப் போக வேண்டாம்.

ஜிஎஸ்டி, ஸ்டாக், கணக்கு என்று பத்து டேபிளை ஜாயின் செய்வதுதான் முக்கிய வேலை என்றால் இந்த நான்குமே வேண்டாம், போஸ்ட்கிரெஸ் என்ற எஸ்கியூஎல் டேட்டாபேஸை எடுங்கள்.

எதை எடுத்தாலும் பேக்கப் விஷயத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள். டைனமோடிபியில் கடந்த 35 நாளில் எந்த நொடிக்கும் திரும்புகிற வசதி உண்டு, ஆனால் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஃபயர்ஸ்டோரில் அது 7 நாள், அதையும் நாமே ஆன் செய்ய வேண்டும். அட்லஸின் இலவச கிளஸ்டரில் பேக்கப்பே கிடையாது, அதில் வாடிக்கையாளர் டேட்டாவை வைத்து லைவ் போக வேண்டாம்.