உரும்பிராய்த் தோட்டத்து முந்திரிகை: ஆவணியிலும் தையிலும்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு தோட்டத்து வாசலிலேயே முந்திரிகைப் (திராட்சைப்) பழமும், அங்கேயே பிழிந்து போத்தலில் அடைத்த பழரசமும் விற்கிறார்கள். ஒரே பந்தலின் பழத்தை ஆவணியில் ஒரு முறையும் தையில் ஒரு முறையும் வாங்கினேன். இரண்டையும் அருகருகே வைத்திருந்தால், வெவ்வேறு இனங்கள் என்றே எவரும் சொல்லியிருப்பர்.

ஆவணிப் பழம் சிறியது. தோல் தடித்து, கருநீலம் நன்றாக ஏறியிருந்தது. இனிப்பு நாக்கில் நெடுநேரம் நின்றது. மழையற்ற அந்த மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இலைகளில் ஈரம் தங்கவிடுவதில்லை; கிணற்று நீரையும் தோட்டக்காரரே அளந்து பாய்ச்சுகிறார். தைப் பழமோ பருத்திருந்தும் சப்பென்றிருந்தது. சில குலைகளில் பழங்கள் வெடித்துப் பூஞ்சணம் பிடித்திருந்தன. எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்துவிடுகிறது. பழுக்கும் வேளையில் வேர்கள் அளவுக்கு மீறி நீரை உறிஞ்சினால் பழம் வீங்கிச் சீனி ஐதாகிறது, தோலும் தாங்காமல் பிளக்கிறது. வானத்தின் குற்றத்துக்குத் தோட்டக்காரரை நோவதற்கில்லை. ஆனால் வெடித்தவற்றைப் பிரித்தெடுக்காமல் அதே விலைக்கு நிறுத்துக் கொடுத்ததை நான் ஏற்கவில்லை.

பழரசம் வேறு கதை. அதில் தேசிக்காய்ப் புளி சேர்க்கிறார்கள் என்று கேட்டபோது முதலில் முகம் சுளித்தேன். குடித்தபின் அது தேவை என்பது புரிந்தது. குளிர்நாட்டில் கொடி இலையுதிர்த்து மாதக்கணக்கில் உறங்கும், ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் உள்ள இங்கே அதற்கு அந்த உறக்கம் இல்லாததால், கொப்புகளைக் கத்தரித்தே பூக்க வைக்கிறார்கள், ஆண்டில் இரு முறை அறுவடையும் எடுக்கிறார்கள். ஆனால் இரவும் வெக்கையாகவே இருப்பதால், பழம் சுவாசிக்கையில் அதற்குப் புளிப்பூட்டும் மலிக் அமிலம் விரைவாகச் செலவாகி, இனிப்பு ஏறும்போதே புளிப்பு இறங்கிவிடுகிறது. இதையே வைனாக்கலாமே என்போர் இதையும் எண்ண வேண்டும்: 12 சதவீத மதுசாரத்துக்கு லீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் சீனி வேண்டும், அது கிடைத்தாலும் புளிப்புக் குறைந்த வைன் மந்தமாகவே இருக்கும், விரைவில் கெடவும் கூடும்.

எனவே வைனை எதிர்பார்க்காமல், ஆவணியில் பிழிந்த ரசத்தை வாங்குங்கள். போத்தலில் திகதி ஒட்டுவதில்லை. எந்தப் போகத்துப் பழம் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.