முறுக்குச் சுட வீடா, கடைத்தெருவா, எல்லை தாண்டிப் பாகூரா?

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியில் எங்கள் தெருவில் மொத்தம் பதினேழு வீடு. அதில் நாலு வீட்டில் தறி, ஒன்றில் தையல், ஒன்றில் டியூஷன், எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போடுகிறார்கள், எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் முறுக்கும் அதிரசமும். கிட்டத்தட்ட பாதித் தெரு தொழில்தான் செய்கிறது, ஆனால் யாரைக் கேட்டாலும் இது குடியிருப்புத் தெரு என்பார்கள், அதுவும் பொய்யில்லை. பேரூராட்சிகளில் எல்லா ஊரும் இப்படித்தான் இருக்கிறது.

போன தீபாவளிக்கு ஆர்டர் கூடியதால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்த பிழியும் மெஷின் வாங்கினோம். நாலாவது நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "காலைல நாலு மணிக்கே ஆரம்பிச்சுடறீங்கம்மா, பேரப்புள்ள தூங்கவே மாட்டேங்குது" என்றார். அவர் மகன் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப்போவதாகச் சொன்னாராம். கொடுக்கவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போனது. அதன்பிறகு மூன்று மாதம் அலைந்து விசாரித்ததை வைத்து எழுதுகிறேன், வீட்டில் தொழில் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

முதல் வழி, பேப்பர் எதுவும் இல்லாமல் இப்போது நடப்பது போலவே நடத்துவது. நம் மாவட்டத்தில் பாதிப்பேர் இதில்தான் இருக்கிறார்கள். இன்றைக்குச் செலவு ஒன்றுமில்லை, அதனால்தான் இது நல்ல வழி மாதிரித் தெரிகிறது. சிக்கல் முதலில் கரண்டில் வரும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு அளவு வரை யூனிட் இலவசம், அந்த இணைப்பில் வியாபாரத்துக்கு மெஷின் ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவுப்படி அது அனுமதியில்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம், எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடலாம். சின்ன வியாபாரத்தில் ஒரு வருஷம் சேர்த்து வைத்ததை ஒரே பில்லில் கட்டுவது யாருக்கு முடியும்? அப்புறம் உணவுப் பாதுகாப்புப் பதிவு. வீட்டில் செய்து விற்றாலும் அது கட்டாயம், எங்களைப் போன்ற சின்ன விற்பனைக்கு வெறும் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்த நூறு ரூபாய்க்குப் பயந்துகொண்டு பல பேர் பாக்கெட்டில் அந்தப் பதிவின் 14 இலக்க எண் இல்லாமல் விற்கிறார்கள், அதனாலேயே பெரிய கடைகள் சரக்கை எடுப்பதில்லை. பயப்பட வேண்டிய இடம் இது இல்லவே இல்லை.

இரண்டாவது வழி, அதே வீட்டில், ஆனால் முறையாக. எனக்கு அதிகம் தெரிந்துகொள்ள இருந்தது இதில்தான், ஏனென்றால் நானே தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். நகர் ஊரமைப்பு வரைபடத்தில் குடியிருப்பு மண்டலம் என்றால் அங்கே எந்தத் தொழிலும் கூடாது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படிக் கிடையாது. 1971 நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளும் குடியிருப்பு மண்டலத்திலேயே சின்ன மளிகைக் கடை, தையல் கடை, அங்கே குடியிருப்பவர் வைத்திருக்கும் வக்கீல், டாக்டர் அறை, சிறிய மோட்டாரோடு நடக்கும் குடிசைத் தொழில் போன்றவற்றுக்கு அளவு வரம்போடு இடம் கொடுத்திருக்கின்றன. வரம்பைத் தாண்டினால்தான் நில உபயோக மாற்றம் என்ற பெரிய வேலை வரும். ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி "என் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது" என்பது, அதையும் புரோக்கரிடம் கேட்காமல் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேட்பது. ஊருக்கு வெளியே வயலை ஒட்டி வீடு கட்டியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும், அந்த இடம் வரைபடத்தில் இன்னும் விவசாயமாகவே இருந்தால் கதை வேறு.

கரண்டிலும் இதே போல ஒரு நடு வழி இருக்கிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொழில் என்றதும் கமர்ஷியல் மீட்டர் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறோம். உற்பத்தி செய்கிற குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 12 கிலோவாட் வரை மூன்று-ஏ-ஒன்று என்று தனி டேரிஃப், அதாவது கட்டண வகை, உண்டு, அது கமர்ஷியலைவிட நன்றாகவே குறைவு. இரண்டாவது மீட்டர் கேட்டு அந்த டேரிஃபில் போடச் சொல்ல வேண்டும், உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுச் சான்று கையில் இருந்தால் உற்பத்தி செய்கிறோம் என்று காட்ட உதவும். உத்யம் 2020 ஜூலை 1-ல் தொடங்கியது, அரசுத் தளத்தில் முழுக்க இலவசம், யாராவது காசு கேட்டால் அந்தக் காசு அவருக்குத்தான் போகிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உத்யம் சான்று தொழில் நடத்த அனுமதி ஆகாது. பேரூராட்சி தொழில் உரிமம் தனி. கிராம ஊராட்சியாக இருந்தால் 1994 ஊராட்சிகள் சட்டப்படி மெஷின் வைக்கவே ஊராட்சி அனுமதி வேண்டும்.

இங்கே எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. டாக்டர், வக்கீல், ஆடிட்டர் தன் வீட்டோடு 200 சதுர அடி வரை ஆலோசனை அறை வைத்துக்கொண்டால் அதற்கு வீட்டு டேரிஃப்பே போதும் என்று விதி சொல்கிறது. கைத்தறிக்கும் வீட்டுக் கட்டணம்தான், அதுபோக நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம், நியாயமான சலுகை, எங்கள் ஊர் கைலியே அதில்தான் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதே 200 சதுர அடி அடுப்படியில் முறுக்குப் பிழிகிற பெண்ணுக்கு அந்த இடம் கிடையாது. வருகிற ஆள் கணக்குப் பார்த்தால் டாக்டர் வீட்டு வாசலில்தான் வண்டி அதிகம் நிற்கும்.

மூன்றாவது வழி கடைத்தெரு. இதைப்பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வணிகப் பகுதி, மண்டலக் கேள்வி கிடையாது, பக்கத்து வீட்டுச் சண்டை கிடையாது, நடந்து போகிறவர்கள் வாங்குவார்கள். நாங்கள் பார்த்த இடத்துக்கு மாதம் 8,000 வாடகை, ஒரு லட்சம் முன்பணம், பின்னால் அடுப்பு வைக்க ஓனர் சம்மதிக்கவில்லை. அடுப்பு வீட்டில், விற்பனை கடையில் என்றால் இரண்டு இடத்துக்கும் பேப்பர் வேண்டும், அம்மாவுக்கு 63 வயது, காலையில் வீடு, மதியம் கடை என்று அவரால் ஓட முடியாது. தினம் ஐம்பது கிலோவுக்கு மேல் போகிறவர்களுக்குக் கடைத்தெருதான் சரி. எங்களுக்கு இல்லை.

நாலாவதாக ஒன்று சேர்ந்தது என் நாத்தனாரால். அவள் பாகூரில் இருக்கிறாள், "அண்ணி, இங்க பின்கட்டு சும்மாத்தான கெடக்கு, வந்து போடுங்களேன், பாண்டிக் கடைங்களுக்கும் நேரா குடுத்துடலாம்" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாகூர் ஒரு கொம்யூன், நம் ஊராட்சி மாதிரி புதுச்சேரியின் உள்ளாட்சி அமைப்பு, ஆக சட்டமே வேறு. அங்கே 1969 நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டட, மண்டல விதிகள் 2012. வீட்டில் சின்னத் தொழில் செய்வதை அங்கேயும் யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் வீட்டுக்கு வீடு ஏதாவது நடக்கிறது. எனக்குத் தயக்கம் வந்தது வேறு இரண்டு காரணத்தால்.

ஒன்று, யாரிடம் போய்ப் பேசுவது என்பது. எங்கள் பேரூராட்சியில் 2022 பிப்ரவரி தேர்தலில் ஜெயித்த கவுன்சிலர் இருக்கிறார், தெருவில் பார்த்து நிறுத்திக் கேட்கலாம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல், அதற்கு முந்தையது 1968. 2011-ல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து கொம்யூன் ஆணையர்தான் எல்லாம். ஆணையர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், ஆனால் பக்கத்து வீட்டோடு ஒரு சிக்கல் என்றால் இரண்டு வீட்டையும் தெரிந்த ஒருவர் நடுவில் உட்கார வேண்டும், அது ஃபைலில் நடக்காது. நம் பக்கமும் பெருமைப்பட முடியாது, கடலூர் மாவட்டக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது.

இரண்டாவது ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு செய்ய வேண்டாம், புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம்தான். அதைவிட முக்கியம், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாதது: நம் பக்கத்து ரெட்டிச்சாவடி தாண்டி புதுச்சேரியின் முள்ளோடைக்குள் சரக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பது, வரி உள்ள பொருளாக இருந்தால் விற்பனை ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் பதிவு கட்டாயம். கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் பை பையாகப் பலகாரம் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்! முறுக்குக்கு வரி உண்டு. அப்பளத்துக்கு வரியே கிடையாது, வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவருக்குப் பதிவும் வேண்டாம், எல்லை தாண்டினாலும்.

நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வழியிலும் ஒரு குறை இருக்கிறது. விதி தொழிலின் பெயரைப் பார்க்கிறது, அதனால் பக்கத்து வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பது இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் டிரம்மில் போட்டு வறுப்பார்கள், புகை தெருவையே மூடும், கண் எரியும். இன்னொரு வீட்டில் வேகவைத்து வந்த கொட்டையைத் திண்ணையில் உட்கார்ந்து உடைப்பார்கள், உடைப்பவர் கையைத் தோட்டு எண்ணெய் புண்ணாக்கும், அது பெரிய வேதனைதான், ஆனால் அண்டை வீட்டுக்குத் தொல்லை இல்லை. பெயர் இரண்டுக்கும் முந்திரித் தொழில்தான். தறியிலும் அப்படி, கைத்தறிச் சத்தத்தில் பிள்ளை தூங்கும், விசைத்தறிச் சத்தத்தில் தூங்காது.

எங்கள் பேரூராட்சி தனக்கென்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும் என்று தோன்றுகிறது: வெளி ஆள் எத்தனை பேர் வேலை செய்யலாம், மெஷின் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, புகைக்கு எவ்வளவு உயரக் குழாய், பழைய எண்ணெய் சாக்கடையில் போகக்கூடாது, சரக்கு வண்டி தெருவில் எவ்வளவு நேரம் நிற்கலாம். இதற்குள் இருக்கிறவருக்கு அப்பளமா முறுக்கா ரவிக்கையா என்று பார்க்காமல் உரிமம் கொடுக்கலாம், மீறினால் யார் வந்து மனு கொடுத்தாலும் அளந்து பார்க்க ஒரு அளவு இருக்கும். இதற்குத் தெருக்காரர்கள் பயப்படுவதும் எனக்குப் புரிகிறது. சிப்காட் தொழிற்பேட்டை நாற்றத்தை முகர்ந்து வளர்ந்த மாவட்டம் இது, "தொழில்" என்ற சொல் காதில் விழுந்தாலே மூக்கைப் பொத்துகிறவர்கள் தப்பான காரணத்துக்காகப் பொத்தவில்லை. எங்கள் கவுன்சிலரிடம் சொன்னேன், எழுதிக் கொடுங்க அக்கா, கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் செய்தது இதுதான். மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றி அடியில் ரப்பர் தகடு போட்டோம், காலை ஏழுக்கு முன்னால் ஓட்டுவதில்லை, பெரியம்மாவிடம் நானே போய் அதைச் சொன்னேன். உணவுப் பதிவு வந்துவிட்டது, இரண்டாவது மீட்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், உரிமத்துக்குப் பணம் கட்டியாயிற்று. பாண்டிக் கடைகளுக்கு முறுக்குப் போடுவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். பாகூர் பின்கட்டில் நாத்தனார் உளுந்து அப்பளம் தொடங்கியிருக்கிறாள், வாரம் இரண்டு நாள் நான் போய் இடக் கற்றுக்கொடுக்கிறேன், நெல்லிக்குப்பம் வரைக்கும் அவள் சரக்கு வருகிறது.